மாப்பிள்ளை பக்கத்து பிரேக்

"அத்தை, பிரேக்!"

"எது மாப்பிள்ளை, நடுவுல இருக்கறதா?"

"நடுவுலதான் அத்தை! மிதிங்க!"

அத்தை நடுவில் இருப்பதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டரின் வலது கால் முந்திக்கொண்டது. பயிற்சி மைதானத்தின் ஓரத்துக் குப்பைத் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காகம் பறக்கக்கூட இல்லை. இத்தனை மாதத்தில் அதற்கும் மாஸ்டரின் கால்மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் சொதப்பினால் இவர் மிதித்துக்கொள்ளலாம். மாஸ்டர் அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் தொழில் நடத்தினார். வேறு யாராவது இப்படி ஓட்டியிருந்தால் "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று ஊரே கேட்கக் கத்தியிருப்பார். ஆனால் ஓட்டுவது மாமியார். பெண்ணைக் கொடுத்த அம்மாளிடம் பிடரியைப் பற்றியெல்லாம் பேச முடியுமா? அதனால் குரலை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"ரொம்ப நல்லா வந்தீங்க அத்தை. நிறுத்தறது மட்டும்தான் பாக்கி."

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மாப்பிள்ளை" என்றார் அத்தை அடக்கமாக.

அத்தையின் வீடு ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. மாமனார் விட்டுப்போன கார் அங்கே ஷெட்டில் தூசி படிந்து நின்றது. அதை ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவுசெய்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். வந்த அன்றே, செருப்பைக் கழற்றும் முன்பே, அறிவித்தும் விட்டார்: "லைசென்ஸ் கைக்கு வந்ததும் கிளம்பிடுவேன். பொண்ணு வீட்டுல டேரா போட்டுட்டான்னு ஒருத்தர் என்னைச் சொல்லக்கூடாது."

யாரும் சொல்லவில்லை. லைசென்ஸும் வரவில்லை.

கட்டில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் போனது. மாஸ்டருக்கு ஹாலில் இருந்த சோபா. அதில் தலையை வைத்தால் கால் தொங்கும், காலை வைத்தால் தலை தொங்கும். டிவி ரிமோட்டை அவர் கையால் தொட்டு ரொம்ப நாளாகிவிட்டது. சாயங்காலமானால் மூன்று பேரும் சீட்டு விளையாடுவார்கள். அத்தை கண்ணுக்கு நேரே கள்ளாட்டம் ஆடுவார். அதைச் சொல்லிக் காட்டவும் மாப்பிள்ளைக்கு வாய் வராது.

டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். முதல் முறை, நட்டு வைத்திருந்த கம்பங்களையெல்லாம் அத்தை வரிசையாகச் சாய்த்துவிட்டார். இரண்டாம் முறை, பதற்றத்தில் மாஸ்டரே தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டார். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த டெஸ்ட் இன்ஸ்பெக்டர், "பிரேக் அருமை. ஆனா பாஸ் போடணும்னா உங்களுக்குத்தான் போடணும்" என்று சொல்லி இறங்கிப் போனார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் பெண்ணும் அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கக் கிடப்பார்கள். பாவம், எவ்வளவு துக்கம் என்று மாஸ்டர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வருவார்.

துக்கம் அவருக்கும் இருந்தது. கடைத்தெருவில் எதிர்த்த வரிசையில் போட்டிக்கு டிரைவிங் பள்ளி நடத்துகிறவர் வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார். 'எங்களிடம் மாமியார்களும் பாஸ் ஆவார்கள்.'

நாளை மறுநாள் மூன்றாவது டெஸ்ட். இந்த முறை அத்தை பாஸாகிவிட்டால் கட்டில், ரிமோட், மானம் மூன்றும் ஒரே நாளில் திரும்பிவிடும். மாஸ்டர் அந்த நினைப்பில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் போன் வந்தது. ஸ்டியரிங் பக்கம் மாட்டியிருந்த போன் மாஸ்டரின் கைக்கு எட்டாததால் அத்தையே பட்டனைத் தட்ட, வண்டி முழுக்க ஒரு பெண் குரல் நிறைந்தது.

"வணக்கம் சார், உங்க கார் கம்பெனி சர்வீஸ் சென்டர்லேருந்து பேசறோம். உங்க மாடல்ல பிரேக்ல ஒரு சின்னக் குறை இருக்கலாம்னு கம்பெனி எல்லா வண்டியையும் ரீகால் பண்ணியிருக்கு. அதாவது, திரும்ப வரச் சொல்லியிருக்கு. இலவசமா பார்ட் மாத்தித் தர்றோம்."

"எந்தப் பக்கத்து பிரேக்?" என்றார் மாஸ்டர்.

"புரியல சார். வண்டிக்கு ஒரு பிரேக்தானே?"

"அது இருக்கட்டும். குறைன்னா என்ன குறை?"

"சில சமயம் மிதிச்சா பிடிக்காது சார்."

"இதைப் போய் சின்னக் குறைங்கறீங்களே அம்மா! சரி, நாளன்னைக்கு எனக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. முடிச்சிட்டுக் கொண்டு வர்றேன்."

பேசி முடித்து அவர் திரும்பியபோது இஞ்சின் நின்றிருந்தது. சாவி அத்தையின் கையில் இருந்தது.

"மிதிச்சா பிடிக்காத வண்டில நான் உட்கார மாட்டேன் மாப்பிள்ளை. நீங்களும் உட்காரக் கூடாது."

"இல்ல அத்தை, ரெண்டே நாள்..."

"என் பொண்ணுக்கு இருக்கறது ஒரே ஒரு புருஷன்" என்று சொல்லி அத்தை இறங்கி நடந்தார்.

வாதம் முடிந்தது. மாஸ்டர் சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போன் போட்டார்.

"இப்பவே ஓட்டிட்டு வந்துடறேன்."

"ஐயோ, ஓட்டாதீங்க சார். பிரேக் சந்தேகமா இருக்கே."

"ஓட்டாம எப்படி அம்மா கொண்டு வர்றது? இடுப்புல தூக்கிட்டா?"

"இழுவை வண்டி அனுப்பறோம் சார். அதுவும் இலவசம்."

இலவசம் என்றதும் மாஸ்டர் தலையாட்டிவிட்டார். அந்த இழுவை வண்டி கடைத்தெரு வழியாகத்தான் போகும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவருடைய கார் முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு, தலைமேல் 'அச்சம் வேண்டாம், அருகில் நாங்கள்' என்ற பள்ளிப் பலகையோடு, எல்லாக் கடைகளையும் பார்த்தபடி ஊர்வலம் போனது. இழுவை வண்டியில் டிரைவர் பக்கத்தில் மாஸ்டர் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பள்ளிக்காரர் வாசலுக்கு வந்து நின்று, கையை நெற்றியில் வைத்து ஒரு சல்யூட் அடித்தார்.

இதைச் சும்மா விடக்கூடாது என்று மாஸ்டர் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு அட்டையில் 'பழுது அல்ல, ரீகால்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காரில் ஒட்டினார். அங்கேதான் தப்புப் பண்ணினார். அதுவரை ஏதோ பஞ்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது விசாரிக்க ஆரம்பித்தார்கள். ரீகால் என்றால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வது என்று ஒருவர் சொன்னார். லைசென்ஸையே பிடுங்கிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். "அதெல்லாம் இல்லைங்க, மாமியார் ஓட்டற லட்சணம் கம்பெனி வரைக்கும் போயிடுச்சு" என்று எதிர்ப் பள்ளிக்காரர் எல்லாருக்கும் பொறுமையாக விளக்கினார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு மாணவர்கள் போன் செய்து, தங்களுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை என்றார்கள். குரல் கணீரென்று இருந்தது.

சர்வீஸ் சென்டர் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் மாஸ்டர் அங்கே காத்திருந்தபோது டை கட்டிய மேற்பார்வையாளர் வந்து, வீட்டில் ஒரு மோசமான செய்தி என்கிற முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், உங்க வண்டில ஒரு பிரேக் அதிகமா இருக்கு."

"இருக்கணும். டிரைவிங் ஸ்கூல் வண்டி."

"எங்க கம்ப்யூட்டர்ல ஒரு பிரேக்தான் காட்டுது. ரெண்டு இருந்தா வேலையை முடிக்க விடாது சார்."

"அதுகிட்ட இது டிரைவிங் ஸ்கூல் வண்டின்னு சொல்லுங்களேன்."

"சொல்றதுக்கு அதுல இடம் இல்ல சார்."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். தனக்கு மூளை நன்றாக வேலை செய்வதாக அவருக்கு அவ்வப்போது ஒரு எண்ணம் வரும். அப்போதும் வந்தது.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்த பிரேக்கைக் கழட்டுங்க. வேலையை முடிங்க. கம்ப்யூட்டர் வாயை மூடினதும் திரும்ப மாட்டிடுங்க."

"ரொம்ப நல்ல யோசனை சார்" என்று மேற்பார்வையாளர் எழுந்து போனார்.

கழற்றினார்கள். வேலையை முடித்தார்கள். கடையை மூடும் நேரத்தில் கார் பளபளவென்று வெளியே வந்தது. ஒரு காகிதப் பையும் கூடவே வந்தது. பைக்குள் அந்த இரண்டாவது பிரேக்கும், கம்பெனி அன்பளிப்பாக ஒரு சாவி வளையமும் இருந்தன.

"மாட்டலையா?"

"எங்க பார்ட் இல்ல சார் அது. கழட்டலாம், மாட்டக்கூடாது. யார் மாட்டினாங்களோ அவங்ககிட்டத்தான் போகணும்."

அதை மாட்டிய மெக்கானிக்குக்குப் போன் போட்டால், பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "மாஸ்டர், மச்சானுக்குக் கல்யாணம். வெளியூர்ல இருக்கேன். அடுத்த வாரம் வந்து முதல் வேலையா மாட்டித் தர்றேன்" என்று அவர் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

டெஸ்டைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டால், அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். மாஸ்டரின் கண்முன் சோபா வந்து நின்றது. கழுத்து தானாகவே வலித்தது. அவர் வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தன் பக்கம் பிரேக் இல்லை என்று தெரிந்தால் அத்தைக்கு இருக்கிற கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விடும். ஆகவே அந்த பிரேக்கை இருபுறமும் ஒட்டும் டேப்பால் பழைய இடத்தில் ஒட்டிவைத்தார். பார்க்க அச்சு அசலாக இருந்தது. தன் கைவேலையைத் தானே இரண்டு முறை குனிந்து பார்த்து மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை டெஸ்ட் மைதானம் வரை மாஸ்டரே ஓட்டி வந்தார். வாசலில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அங்கிருந்து உள்ளே கோடு போட்டிருக்கும் இடத்துக்கு அத்தை ஓட்டிப் போக வேண்டும். இன்ஸ்பெக்டர் மரத்தடியில் மேசை போட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தை வழக்கம்போலக் கிளம்பினார். கார் இரண்டு முறை குதித்தது, ஒரு முறை இருமியது. பிறகு கோட்டை விட்டுவிட்டு, நேராக மரத்தடி மேசையைப் பார்த்து உருண்டது.

"அத்தை, அந்தப் பக்கம்! கோடு அந்தப் பக்கம்!"

"மேசை அழகா இருக்கேன்னு பார்த்தேன் மாப்பிள்ளை."

"பிரேக், அத்தை!"

"எது, நடுவுல இருக்கறதா?"

மாஸ்டரின் கால் பழக்கதோஷத்தில் பாய்ந்தது. டேப் பிய்த்துக்கொண்டது. பிரேக் செருப்போடு ஒட்டிக்கொண்டு சீட்டுக்கு அடியில் போனது. கார் போய்க்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் டீயைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்தார்.

"அத்தை! என் பக்கம் பிரேக் இல்லை! கழட்டிட்டாங்க!"

கார் நின்றது.

குலுங்காமல், கிறீச்சிடாமல், தாலாட்டிக் கிடத்தியதுபோல நின்றது. மேசைக்கும் காருக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. இன்ஸ்பெக்டரின் டீயில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அத்தை தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நிஜமாவே இல்லையா?"

"இல்ல அத்தை. உங்களுக்குப் பயமா இருக்குமேன்னு சொல்லல."

"மிதிச்சா என்ன ஆகும்?"

"தரைதான் அத்தை."

அத்தை அவரையே பார்த்தார். முகத்தில் இருந்த அப்பாவித்தனமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்தார். சீட்டை ஒரு இழுப்பு இழுத்து முன்னால் கொண்டுவந்தார்.

"பெல்ட்டைப் போடுங்க மாப்பிள்ளை."

இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் ஏறும்போதே கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு யார் ஓட்டப் போறீங்க, அந்தம்மாவா, நீங்களா?" என்றார்.

"அவங்கதான் சார். சத்தியமா என் காலுக்கு வேலையே இல்லை."

அத்தை கிளம்பினார். கார் குதிக்கவில்லை, இருமவில்லை. கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. மேட்டில் நிறுத்திக் கிளம்பச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஒரு விரல்கடைகூடப் பின்னால் நழுவாமல் கார் ஏறியது. முதல் டெஸ்டில் கம்பங்களைச் சாய்த்த அதே இடத்தில், ஒரே வீச்சில் பின்னால் வந்து, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அளவெடுத்ததுபோல நிறுத்தினார். திரும்பும்போது குறுக்கே ஒரு நாய் வந்தது. அத்தை அதற்கும் வழிவிட்டு, அது கடந்து போகும்வரை காத்திருந்து, கைகாட்டி விளக்கைப் போட்டுக் கிளம்பினார். மாஸ்டர் மட்டும் எல்லா வளைவிலும் வெறும் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு, வியர்த்து நனைந்துபோயிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பிடியிலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்தார்.

"பாஸ்" என்றார். அப்புறம் மாஸ்டரைப் பார்த்தார். "அந்தம்மா நிம்மதியா ஓட்டறாங்க. நீங்க எதுக்கு சார் தரையை இந்த உதை உதைக்கறீங்க? நீங்க டெஸ்ட் குடுத்தா ஃபெயில்தான்."

மாஸ்டருக்கு அது காதிலேயே விழவில்லை. உள்ளே பூரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் தான் சொல்லிக் கொடுத்ததுதான். இத்தனை மாதமாக ஊற்றிய தண்ணீர் வேரில் நின்றிருக்கிறது, ஆபத்து வந்ததும் பூத்துவிட்டது. மாமியார்களுக்கென்றே தனி வகுப்பு தொடங்கலாம், எதிர்ப் பள்ளிக்காரரின் பலகையை அவரே கழற்றவேண்டி வரும் என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

திரும்பும் வழியில் அத்தைதான் ஓட்டினார். ஊரே பார்க்கட்டும் என்று மாஸ்டர் கடைத்தெரு வழியாகப் போகச் சொன்னார். எதிர்ப் பள்ளிக்காரர் வாசலில் நின்றிருந்தார். அத்தை அவரைப் பார்த்து ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆட்டினார். அந்த மனிதர் சல்யூட் அடிக்கவும் மறந்துபோய் நின்றார். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை.

"அப்போ, நாளைக்குக் காலைல கிளம்பிடறேன் மாப்பிள்ளை" என்றார். "சொன்ன சொல் இருக்கில்ல."

"ஆமா அத்தை" என்றார் மாஸ்டர்.

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தார். வந்துவிட்டது. கட்டிலில் கால் நீட்டிப் படுக்கலாம், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கலாம். ஆனால் சந்தோஷம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் சீட்டைக் கலைத்துப் போட்டால் இரண்டு பேர்தான் இருப்பார்கள். கள்ளாட்டம் ஆட ஆள் இருக்காது. அத்தையோடு சீட்டாடும்போது மனைவி சிரிக்கும் அளவுக்குச் சத்தமாக அவள் சிரித்து அவர் அதற்குமுன் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பும் பெட்டியில் ஏறிப் போய்விடும். அங்கே அந்த வீட்டில் அத்தை தனியாக யாரோடு சீட்டாடுவார்? 'போகாதீங்க அத்தை' என்று நேராகச் சொல்ல மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை.

"ஆனா அத்தை," என்று தொண்டையைச் செருமினார், "லைசென்ஸ் வேற, ஓட்டறது வேற. நெடுஞ்சாலைல இன்னும் ஓட்டலையே நீங்க?"

"ஓட்டலையே" என்றார் அத்தை உடனே.

"லாரியெல்லாம் வரும். சும்மா இல்லை. ரெண்டு மாசமாவது பழகணும். அப்புறம் மழைல ஓட்டறது தனிப் பாடம்."

"மழைக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கே மாப்பிள்ளை?"

"இருந்துதான் கத்துக்கணும். வேற வழியில்ல."

"நீங்க மாஸ்டர். நீங்க சொன்னா சரிதான்" என்று சொன்ன அத்தையின் முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. அடுத்த திருப்பத்தில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொல்லி மாஸ்டர் இறங்கினார். அத்தை காரிலேயே உட்கார்ந்து ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதல் சேதி மனைவிக்குப் போகட்டும் என்று போனை எடுத்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, ஃபெயில்தானே? விடுங்க, மனசைத் தளர விடாதீங்க. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"ஃபெயிலா? பாஸ்! ஒரு தப்பு இல்லாம பாஸ்!"

மனைவியின் குரல் சட்டென்று இறங்கியது.

"விளையாடாதீங்க. எப்படி?"

"என் பக்கத்து பிரேக்கைச் சர்வீஸ்ல கழட்டிட்டாங்க. அத்தைகிட்ட மறைச்சுதான் வச்சிருந்தேன். கடைசி நிமிஷத்துல சொல்லவேண்டியதாப் போச்சு. கேட்டதும் எங்கேருந்துதான் வந்ததோ, ராணி மாதிரி ஓட்டினாங்க!"

போனில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அதை ஏங்க சொன்னீங்க? பாஸாயிட்டா கிளம்பணுமேன்னுதானே அம்மா, எப்படியும் நீங்க நிறுத்திடுவீங்கன்னு உங்க பிரேக்கை நம்பி, இத்தனை மாசமா வேணும்னே தப்புத் தப்பா ஓட்டிட்டு இருந்தாங்க!"